நிரூபிக்க வேண்டியது யார்?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் ஒரு பழைய பைலும், அதற்குள் ஒரு மறுப்புக் கடிதமும் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

தோப்பூர், மூதூர், கிண்ணியா பக்கம் அப்படிப்பட்ட பைல்களுக்குக் குறைவில்லை. ஹோம்காட்டில் இருந்து காயப்பட்டவர்களின் பைல்கள், கடமையில் மௌத்தானவர்களின் மனைவிமாரின் பைல்கள், இடம்பெயர்வில் வீடு எரிந்தவர்களின் பைல்கள். நம்மில் பலர் நினைப்பது, இது நமக்கு மட்டும் வந்த தலைவிதி, தெரிந்த ஆளைப் பிடித்தால் சரிவரும் என்று. உண்மையில் இது 400 வருடங்களுக்கு மேலாக உலகம் முழுக்க நடந்துவரும் வழக்கு. படையில் உடல் கெட்டவன் அரசிடம் கேட்கிறான். அரசு மறுக்கிறது. அந்த மறுப்பு சரியா பிழையா என்று யார் பார்ப்பது? எதை வைத்துப் பார்ப்பது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் உலகம் எப்படி விடை தேடியது என்பதைத்தான் இன்று எழுதுகிறோம்.

*கொடையா, உரிமையா?*

நம் வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். ஹிஜ்ரி 20 ஆம் ஆண்டளவில் கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ‘திவான்’ என்ற பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். படையினர், அவர்களின் குடும்பங்கள், பிள்ளைகள் என்று பெயர்கள் எழுதப்பட்டன. பெயருக்கு எதிரே ஆண்டுக் கொடுப்பனவு. இதில் கவனிக்க வேண்டியது தொகையை அல்ல. பெயர் ஏட்டில் ஏறினால் அது ஆட்சியாளரின் தயவாக இல்லாமல் கணக்காக மாறிவிடுகிறது. ஏட்டை வைத்திருப்பதும் பராமரிப்பதும் அரசின் வேலை. இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவின் முடிவுவரை இது வரும்.

இங்கிலாந்தில் 1593 இல் முதலாம் எலிசபெத் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. காயப்பட்ட படைவீரருக்கும் மாலுமிக்கும் அவரவர் ஊர் மக்களிடம் வரி திரட்டிக் கொடுப்பனவு தர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் காயப்பட்டவர் தன் தளபதியிடமிருந்து சான்றிதழ் கொண்டுவர வேண்டும். தளபதி செத்திருந்தால்? கடலுக்கு அப்பால் இருந்தால்? அது காயப்பட்டவரின் பாடு. உள்ளூர் நீதவான்கள் ஏற்றால் உண்டு, ஏற்காவிட்டால் இல்லை. 1682 இல் செல்சியில் முதிய, ஊனமுற்ற படையினருக்கென்று அரச இல்லம் நிறுவப்பட்ட பிறகும் கதை மாறவில்லை. ஓய்வூதியம் மன்னரின் கொடை. கொடைக்கு யாரும் மேன்முறையீடு செய்ய முடியாது அல்லவா?

*1919: மறுத்தவரே விசாரிக்கக் கூடாது*

முதலாம் உலகப் போர் இதை உடைத்தது. இலட்சக்கணக்கான பேர் கை, கால், கண், மூச்சு இழந்து திரும்பினார்கள். ஓய்வூதிய அமைச்சு 1916 இல் உருவானது. மறுப்புகள் குவிந்தன. ‘உனக்கு இந்த வருத்தம் முன்னமே இருந்தது’ என்பதுதான் வழக்கமான பதில்.

1919 இல் வந்த போர் ஓய்வூதியச் சட்டம் இரண்டு காரியம் செய்தது. ஒன்று, போரில் அங்கவீனமானவருக்கு ஓய்வூதியம் சட்டப்படியான உரிமை என்றது. இரண்டு, மேன்முறையீட்டு நியாயசபையை அமைச்சின் கையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தது. அந்தச் சபையில் மூன்று பேர். ஒரு சட்டத்தரணி, ஒரு வைத்தியர், போரில் அங்கவீனமான ஒரு முன்னாள் படையினர். மூன்றாவது ஆளை யோசித்துப் பாருங்கள். பதுங்குகுழியில் மூன்று மாதம் ஈரத்தில் கிடந்தால் நெஞ்சு என்ன ஆகும் என்று அவருக்குப் புத்தகம் பார்த்துச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது. வழக்கைக் கேட்பவர் மாறினார், நிரூபிக்க வேண்டியவர் மாறவில்லை. வருத்தம் சேவையால்தான் வந்தது என்று காட்ட வேண்டியது இன்னும் காயப்பட்டவர்தான்.

*1943: பாரம் மாறியது*

இரண்டாம் உலகப் போர் நம் வாசலுக்கே வந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. நிலாவெளி வீதியில் இருக்கும் போர் மயானத்தைப் பார்த்திருப்பீர்கள். செத்தவர்களுக்கு அங்கே கல் இருக்கிறது. பிழைத்து, மலேரியாவோடோ காசத்தோடோ ஊர் திரும்பிய மாலுமி என்ன செய்திருப்பார்? அந்தப் போரின் முதல் நான்கு வருடங்கள் அவருக்கு மேன்முறையீடே இல்லை. பாராளுமன்றத்தில் பெரிய சத்தம் எழுந்த பிறகு 1943 இல் ஓய்வூதிய மேன்முறையீட்டு நியாயசபைகள் சட்டம் வந்தது. அதே வருடம் டிசம்பரில் வந்த அரச ஆணைதான் உண்மையான திருப்பம்.

அந்த ஆணையின் சாரம் இதுதான்:

1. நிரூபிக்கும் பாரம் கோரிக்கையாளர் மேல் இல்லை.
2. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே.
3. படையில் சேரும்போது செய்த வைத்தியப் பரிசோதனையில் ஒரு வருத்தம் குறிக்கப்படாமல், பின்பு அதே வருத்தத்தால் விலக்கப்பட்டால், அது சேவையால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்றால் அமைச்சு காட்டட்டும்.

சட்டப் பிரச்சினை உள்ள வழக்குகள் நியாயசபையிலிருந்து ஒரு மேல் நீதிமன்ற நீதிபதியிடம் போகும். அந்த இருக்கையில் இருந்தவர் டெனிங். பிற்காலத்தில் உலகம் அறிந்த டெனிங் பிரபு. புதிய ஆணையை நியாயசபைகள் பழைய கண்ணோடு வாசித்துக் கோரிக்கைகளைத் தள்ளியபோது, அவர் அதைத் திருத்தினார். 1947 இல் மில்லர் என்ற படைவீரரின் விதவை கொண்டுவந்த வழக்கில், எவ்வளவு சான்று இருந்தால் ஒரு விடயம் நிரூபணமானது என்று அவர் விளக்கினார். ‘நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்’ என்பதற்கு நம் நாட்டுச் சட்டத்தரணிகள் இன்றும் கொலை வழக்குகளில் எடுத்துக்காட்டும் விளக்கம் அதுதான். அது ஓய்வூதியம் கேட்டு அலைந்த ஒரு விதவையின் பைலில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

*இது நியாயமா?*

இங்கே ஒரு கேள்வி வரும். மார்க்கச் சட்டம் படித்தவர்கள் உடனே கேட்பார்கள். வாதம் கொண்டுவருபவர்தான் சான்று கொண்டுவர வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி அல்லவா? நம் நாட்டு 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 101 ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அப்படியிருக்க, படையினருக்கு மட்டும் ஏன் சலுகை?

விடை அதே சட்டத்தில் ஐந்து பிரிவு தள்ளி, 106 இல் இருக்கிறது. ஒரு விடயம் ஒருவரின் விசேட அறிவுக்குள் இருந்தால், அதை நிரூபிக்கும் பாரம் அவர் மேல். டிக்கட் எடுத்தாயா என்று கேட்டால் காட்ட வேண்டியது பயணிதான், ஏனென்றால் டிக்கட் அவரின் சட்டைப்பையில் இருக்கிறது. அதேபோல, யார் எந்தக் காவலரணில் எந்த இரவு இருந்தார், எப்போது வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார், சேரும்போது உடல் எப்படி இருந்தது, இந்த ஏடெல்லாம் யாரிடம் இருக்கிறது? அரசிடம். திவானை வைத்திருப்பவர் அரசு. ஏட்டைத் தானே வைத்துக்கொண்டு ‘ஏட்டைக் கொண்டுவா’ என்று காயப்பட்டவரிடம் கேட்பது எந்தச் சட்டத்திலும் நீதியாகாது. 1943 ஆணை கொடுத்தது சலுகை அல்ல, பாரத்தை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தது.

*இந்தியாவில்*

பக்கத்து நாட்டைப் பார்ப்போம். இந்தியாவின் 1982 ஆம் ஆண்டு உரித்து விதிகள் பெரும்பாலும் இந்தப் பிரித்தானிய விதிகளின் பிள்ளைதான். அங்கவீனம் 20 வீதமாவது இருக்க வேண்டும், அது சேவையால் வந்ததாகவோ சேவையால் கூடியதாகவோ இருக்க வேண்டும். மறுத்தால் துறைக்குள்ளேயே இரண்டு மேன்முறையீடுகள். அதற்கு மேல், 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 2009 இல் இயங்கத் தொடங்கிய ஆயுதப்படை நியாயசபை. அதில் ஒரு நீதித்துறை உறுப்பினரும் ஒரு முன்னாள் படை உயரதிகாரியும் அமர்வார்கள். சென்னையிலும் ஒரு கிளை உண்டு.

தரம்வீர் சிங் என்ற படைவீரர் 1985 இல் சேர்ந்து சுமார் ஒன்பது வருடம் சேவை செய்தார். வலிப்பு வந்தது. 1994 இல் 20 வீத அங்கவீனத்தோடு விலக்கினார்கள். வைத்தியக் குழு, இது பிறவி உடல்வாகு, சேவைக்குச் சம்பந்தமில்லை என்று எழுதியது. ஏன் சம்பந்தமில்லை என்று எழுதவில்லை. வழக்கு அதியுயர் நீதிமன்றம் வரை போய் 2013 ஜூலையில் தீர்ந்தது. சேரும்போது அவர் உடலில் எந்தக் குறையும் குறிக்கப்படவில்லை, ஆகவே வருத்தம் சேவையில் வந்ததாகவே கொள்ள வேண்டும், மறுக்கும் வைத்தியக் குழு காரணம் எழுத வேண்டும் என்றது நீதிமன்றம். விலக்கியதிலிருந்து தீர்ப்புக்கு 19 வருடம். அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு அதன் பின் எத்தனையோ பேர் தங்கள் உரிமையை எடுத்தார்கள்.

அமெரிக்காவின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அங்கே முன்னாள் படையினர் தங்கள் கொடுப்பனவு மறுப்பை எதிர்த்து நீதிமன்றம் போக 1988 வரை வழியே இருக்கவில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1864 இல் வைத்த சட்டத்தரணிக் கட்டண உச்சவரம்பு 10 டொலர் அதுவரை அப்படியே இருந்தது. 10 டொலருக்கு எந்தச் சட்டத்தரணி வருவார்? 1988 இல்தான் தனி நீதிமன்றம் அமைந்தது. சான்றுகள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக நின்றால் படையினருக்கே தீர்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

ஆனால் கிடைத்தது நிலைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பிரித்தானியாவில் 2005 ஏப்ரலுக்குப் பிந்திய காயங்களுக்கு வந்த புதிய திட்டம், நிரூபிக்கும் பாரத்தை மறுபடியும் கோரிக்கையாளரின் தலையில் வைத்தது. இந்தியாவும் 2023 இல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அவை தங்கள் உரித்தைக் குறுக்குகின்றன என்று அங்குள்ள முன்னாள் படையினர் குறை சொல்கிறார்கள்.

*நம் நாட்டில்*

இலங்கையில் இராணுவத்தினருக்கு 1981 ஆம் ஆண்டின் ஓய்வூதிய, பணிக்கொடைக் கோவை இருக்கிறது. 1999 இல் ரணவிரு சேவா அதிகாரசபை அமைந்தது. ஆனால் அங்கவீனக் கொடுப்பனவு மறுப்புகளை மட்டும் கேட்கும் ஒரு தனி நியாயசபை, 1919 இல் பிரித்தானியா அமைத்தது போல, இங்கே இல்லை. அரச ஊழியர்களுக்கான ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் முதற் பிரிவு, எந்த அரச ஊழியருக்கும் ஓய்வூதியத்தில் பூரண உரிமை இல்லை என்றே தொடங்குகிறது. செல்சி காலத்து வாசனை இன்னும் போகவில்லை.

2017 இலும் 2018 இலும் கொழும்பில் அங்கவீனமுற்ற படையினரே வீதிக்கு வந்தார்கள். 12 வருடச் சேவை முடியுமுன் காயத்தால் விலகியவர்களுக்கும் ஓய்வூதியம் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. போரில் வென்ற படையின் ஆட்களுக்கே அந்த நிலை.

அப்படியானால் ஹோம்காட்? 1985 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் துணைப் படைகளைத் திரட்ட வழி செய்தது. 1990 களில் நம் பக்கத்து இளைஞர்கள் துவக்கோடு ஊர் எல்லையில் இரவிரவாக நின்றார்கள். சிறிய கொடுப்பனவு. இராணுவக் கோவைக்குள் அவர்கள் வரவில்லை. 2006 செப்டெம்பரில்தான் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் அமைக்கப்பட்டது. அதற்கு முன் காயப்பட்டவர், மௌத்தானவர், விலகியவர் ஆகியோரின் பைல்களில்தான் சிக்கல் கூட. அந்தப் படையைப் பற்றி அயல் தமிழ்க் கிராமங்களில் கசப்பான நினைவுகளும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. அதே கிராமங்களில் கால் இழந்து வாழும் முன்னாள் போராளிக்கு முன்னாள் படையினர் என்ற நிலையே சட்டத்தில் இல்லை. அவரும் அவரின் தாயும், பொதுமக்களாக இழப்பைச் சந்தித்த நாமும் போக வேண்டியது இழப்பீட்டு அலுவலகத்துக்கு. 1987 இல் உருவான புனர்வாழ்வு அதிகாரசபையின் இடத்தில் 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது அது.

கதவுகள் வேறு வேறு. கேட்கப்படுவது ஒன்றுதான்: ஆவணம். 2004 டிசம்பரில் கடல் வந்தது. 2006 ஆகஸ்டில் மூதூரில் சண்டை வெடித்து, இந்தப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் உடுத்த உடுப்போடு கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். பிள்ளையைத் தூக்குவதா, பைலைத் தூக்குவதா? அந்த மக்களிடம் மூலப் பிரதி கேட்பது 1593 இல் செத்த தளபதியின் சான்றிதழைக் கேட்டது போலத்தான்.

நம் சட்டத்துக்கு இது புரியாமலும் இல்லை. சுனாமிக்குப் பின் 2005 இல் வந்த விசேட சட்டமும், போருக்குப் பின் 2010 இல் வந்த மரணப் பதிவுத் தற்காலிகச் சட்டமும் உடல் கிடைக்காத மரணத்தைப் பதிவதற்கு வழி செய்தன. மரணச் சான்றிதழை ஏற்க மனமில்லாத குடும்பங்களுக்காக, காணாமற்போனவர் என்று சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு 2016 இல் வந்தது. அழிவு நடந்த இடத்தில் வழமையான சான்றைக் கேட்க முடியாது என்பதை இந்தச் சட்டங்கள் ஒப்புக்கொள்கின்றன. கொடுப்பனவு மேன்முறையீட்டுக்கும் அதே அளவுகோல் வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

*கையில் இருப்பவை*

அது வரும்வரை, இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?

முதலாவது, வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு, உங்களைப் பாதிக்கும் தீர்மானத்துக்கான காரணத்தை, நீங்கள் கேட்டால், அதிகாரி எழுத்தில் தர வேண்டும் என்கிறது. தரம்வீர் சிங் 19 வருடம் போராடிப் பெற்ற அதே விடயம் நமக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

இரண்டாவது, அதே சட்டத்தில் விண்ணப்பித்து உங்கள் சேவைப் பதிவின் பிரதியைக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்கு மேல் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஏடு அவர்களிடம்தான் இருக்கிறது, அவர்களே தரட்டும்.

மூன்றாவது, மொழி. கடிதம் சிங்களத்தில் வந்தால் தமிழில் கேட்பது உங்கள் அரசியலமைப்பு உரிமை. விளங்காத கடிதத்துக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம்.

நான்காவது, நாட்களை எண்ணுங்கள். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக 126 ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. திருகோணமலையிலேயே அதற்கு அலுவலகம் இருக்கிறது. சட்டத்துக்கு முரணான, காரணமற்ற மறுப்பு என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கவும் வழி உண்டு. சட்டத்தரணிக்கு வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். ஒம்புட்ஸ்மனும் பாராளுமன்றப் பொதுமனுக் குழுவும் இருக்கின்றன. அவர்கள் பரிந்துரைதான் செய்வார்கள், ஆனாலும் ஒரு பரிந்துரைக் கடிதம் பைலில் கனமான தாள்.

ஐந்தாவது, இது நம் ஊருக்கு. அரசின் ஏடு தொலைந்திருந்தாலும் ஊரில் வேறு ஏடுகள் இருக்கின்றன. பள்ளிவாசலின் மௌத்துப் பதிவு. பாடசாலை எந்த நாளில் மூடப்பட்டது, எந்த முகாமில் மீண்டும் நடந்தது என்று அதிபர்மார் எழுதிய சம்பவக் குறிப்பேடு. மாணவர் வரவு இடாப்பு. வைத்தியசாலை கிளினிக் கொப்பி. கூட்டுறவுச் சங்கத்தின் நிவாரணப் பட்டியல். ஒரு குடும்பம் இந்த நாளில் இந்த இடத்தில் இருந்தது என்று காட்ட இவையும் சான்றுதான். மேன்முறையீடுகளில் பல முறை வென்றது பெரிய வாதம் அல்ல, சேர்க்கையின்போது எழுதிய ஒரு வரிதான், அல்லது எழுதாமல் விட்ட ஒரு வரிதான்.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும், சக ஆசிரியர்களுக்கும், ஊரில் போன் நன்றாகப் பாவிக்கத் தெரிந்த தம்பி தங்கைமாருக்கும் நம் வேண்டுகோள் ஒன்று. கறையான் அரிக்குமுன் இந்த ஏடுகளைப் படம் பிடித்து வையுங்கள். அயல் கிராமத்துக் கோயிலிலும் பாடசாலையிலும் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். நம்மிடம் நிரூபி என்று கேட்கும் காலம் மாறும்வரை, நிரூபிக்கக் கூடியவர்களாக நாம் இருக்க வேண்டும்.

யாருக்காவது மறுப்புக் கடிதம் வந்து விளங்காமல் இருந்தால் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம். வஸ்ஸலாம்.